பெருந்தமனிச் சுவரை அளக்க 3டி ஸ்லைசர்: ஒரு மென்பொருள் மதிப்புரை

பெருந்தமனியில் உண்டாகும் தமனித் தடிப்பு நோய், அதாவது அதிரோஸ்கிளிரோசிஸ், இரத்தம் ஓடும் உட்குழலில் தொடங்குவதில்லை. குழாயின் சுவருக்குள் தொடங்குகிறது. கொழுப்பும் அழற்சி அணுக்களும் நார்த்திசுவும், நாளடைவில் கால்சியமும், சுவரின் உள்ளடுக்கில் சேர்ந்து படிவாகத் திரள்கின்றன. அப்போதும் பல ஆண்டுகளுக்கு உட்குழலின் அகலம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இதயத் தமனிகளில் சுவர் வெளிப்புறமாக விரிந்து படிவுக்கு இடம் கொடுக்கிறது என்பதையும், குழாயின் உள்ளெல்லைக்குட்பட்ட பரப்பில் சுமார் 40 விழுக்காட்டைப் படிவு பிடிக்கும் வரை உட்குழல் குறிப்பிடும்படி சுருங்குவதில்லை என்பதையும் சீமோர் கிளாகோவும் அவருடைய குழுவினரும் 1987இல் காட்டினர். பெருந்தமனியோ இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய். அதன் உட்குழலை மட்டும் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க நினைப்பவர் மிகத் தாமதமாகவே கண்டுபிடிப்பார். ஆகவே இந்த நோயை ஆராயப் பயன்படும் எந்த மென்பொருளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: அது சுவரைக் காட்டுகிறதா, இல்லை இரத்தத்தை மட்டும் அழகாகக் காட்டுகிறதா?

3டி ஸ்லைசர் என்பது மருத்துவப் படங்களைப் பார்க்கவும், உறுப்புகளைப் பிரித்தெடுக்கவும், அளக்கவும் உதவும் இலவசத் திறமூல மென்பொருள். பாஸ்டனில் உள்ள பிரிகாம் பெண்கள் மருத்துவமனையின் அறுவைசிகிச்சைத் திட்டமிடல் ஆய்வகமும் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகமும் சேர்ந்து 1998இல் தொடங்கிய பணி அது. 2022இல் அதன் 5ஆம் பதிப்பு வெளிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உரிமம் மிகத் தாராளமானது. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், மாற்றியமைக்கலாம். ஆனால் அது ஆராய்ச்சிக்கான மென்பொருள். நோயாளியின் சிகிச்சையை முடிவு செய்வதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவக் கருவி அல்ல. அதில் கிடைக்கும் எண்ணை நேரடியாக ஒருவருடைய ஸ்கேன் அறிக்கையில் எழுதக் கூடாது. கதிரியக்கவியல், இதயவியல் மேற்படிப்பு மாணவர்கள், உயிர்மருத்துவப் பொறியாளர்கள், சிறிய ஆய்வுக் குழுக்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

படங்களை உள்ளே கொண்டுவருவது எளிது. டைகாம் (மருத்துவப் படங்களின் பொது வடிவம்) கோப்புகள் உள்ள அடைவை இழுத்துப் போட்டால் நோயாளி, ஸ்கேன், தொடர் என்ற வரிசையில் பட்டியல் வந்துவிடும். கையில் நோயாளியின் தரவு எதுவும் இல்லாமலேயே பழக விரும்புவோர், மென்பொருளுடன் வரும் மாதிரித் தரவுகளில் உள்ள வயிற்றுப் பகுதி ஆஞ்சியோகிராம் சி.டி. ஒன்றைத் தரவிறக்கிக்கொள்ளலாம். கணினியின் நினைவகம் போதுமானதாக இருக்க வேண்டும். 600 வெட்டுப்படங்கள் கொண்ட ஒரு சி.டி. தொடர் சுமார் 300 மெகாபைட் இடம் பிடிக்கும். ஏற்றும் தரவைப் போல் பத்து மடங்கு நினைவகம் வேண்டும் என்பது இந்த மென்பொருளின் ஆவணங்கள் சொல்லும் பொதுவிதி. இன்றைய சாதாரண மடிக்கணினி இதற்குத் தாங்கும்.

எந்தத் தொடரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் இங்கு முக்கியம். ஒரே ஸ்கேனிலிருந்து 5 மி.மீ. தடிமனுள்ள வெட்டுப்படங்களும் 1 மி.மீ. தடிமனுள்ள வெட்டுப்படங்களும் தனித்தனித் தொடர்களாக வந்திருக்கும். ஸ்லைசரில் உறுப்புகளைப் பிரித்தெடுக்கும் பகுதியான செக்மென்ட் எடிட்டர், முதலில் தேர்ந்தெடுக்கப்படும் தொடரின் கட்ட அளவையே பிரித்தெடுப்பு முழுவதற்குமான அடித்தளமாக எடுத்துக்கொள்கிறது. முதலில் 5 மி.மீ. தொடரைத் திறந்துவிட்டுப் பிறகு 1 மி.மீ. தொடருக்கு மாறினாலும், வரையப்படும் படிவு 5 மி.மீ. படிக்கட்டுகளாகவே பதிவாகும். திரையில் பின்னணிப் படம் நுணுக்கமாகத் தெரிவதால் இது கண்ணில் படுவதேயில்லை. மூலத் தொடரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்திக் கட்ட அளவைத் திருத்தலாம். சிறிய படிவுகளுக்கு அதை இரு மடங்கு நுணுக்கமாக்குவதும் நல்லது. வேலையைத் தொடங்கும் முன் இந்தப் பொத்தானைத் திறந்து பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும் என்று புதிதாகக் கற்பவர் ஒவ்வொருவரிடமும் சொல்வேன்.

கால்சியப் படிவை அளப்பதில்தான் ஸ்லைசர் சிறந்து விளங்குகிறது. இரத்தத்தை ஒளிரச் செய்யும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாமல் எடுத்த சி.டி.யில் இரத்தம் ஏறத்தாழ 40 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுகளில் (சி.டி.யில் ஒளிர்வை அளக்கும் அலகு) இருக்கும். 130க்கு மேல் ஒளிர்வதைக் கால்சியம் எனக் கொள்ளும் வழக்கம், இதயத் தமனிகளுக்காக ஆர்தர் அகாட்ஸ்டனும் சக ஆய்வாளர்களும் 1990இல் முன்வைத்த முறையிலிருந்து வந்தது. செக்மென்ட் எடிட்டரில் த்ரெஷோல்டு (ஒளிர்வு வரம்பு) கருவியைத் திறந்து, கீழ் வரம்பை 130 என வைத்து, அதை ஒரு முகமூடியாகப் பயன்படுத்திக்கொண்டு, பெருந்தமனியின் மீது தூரிகையை ஓட்டினால், 130க்கு மேலுள்ள வாக்சல்கள் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனக் கூறுகள்) மட்டும் நிறம் பெறும். மென்திசுவின் மீது தூரிகை பட்டாலும் எதுவும் பதியாது. இந்த ஒரு வசதியே கைவேலையில் பெரும் பகுதியை மிச்சப்படுத்துகிறது.

சிக்கல் வருமிடம் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழுள்ள வயிற்றுப் பெருந்தமனி. நோய் அதிகம் குடிகொள்ளும் இடமும் அதுவே. அங்கே பெருந்தமனி முதுகெலும்புக்கு முன்னால் ஒட்டினாற்போல் கிடக்கிறது. பின்சுவரில் உள்ள கால்சியமும், வயதானவர்களின் முதுகெலும்பு விளிம்பில் முளைக்கும் எலும்பு முனைகளும் ஒரே வெண்மையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். தானாகப் பரவும் கருவிகளை இங்கே நம்பினால் மூன்றாம் இடுப்பு முதுகெலும்பு முழுவதும் படிவுக் கணக்கில் சேர்ந்துவிடும். கத்தரிக்கோல் கருவியால் முதலில் முதுகெலும்பை வெட்டி ஒதுக்கிவிட்டு, ஐலண்ட்ஸ் கருவியால் தனித்தனித் துணுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறுக்குவெட்டு, நெடுக்குவெட்டு இரண்டிலும் பார்த்து ஏற்பதோ நீக்குவதோதான் பாதுகாப்பான வழி. அந்த வழியை ஸ்லைசர் தெளிவாக நடத்திச் செல்கிறது. எந்தத் துணுக்கையும் ஏன் சேர்த்தோம் என்று மறுநாள் திரும்பி வந்து பார்க்க முடிகிறது. பல வணிகப் பணிநிலையங்கள் இறுதி எண்ணை மட்டும் தருவதோடு ஒப்பிட்டால், ஆராய்ச்சியாளருக்கு இதுவே பெரிய வேறுபாடு.

சிறிய படிவுகளில் எண்கள் எவ்வளவு எளிதாக நழுவும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 0.7 மி.மீ. பக்கமுள்ள கனசதுர வாக்சல்கள் கொண்ட படத்தில் 2.1 மி.மீ. அளவுள்ள ஒரு கால்சியத் துணுக்கை எடுத்துக்கொள்வோம். அது பக்கத்துக்கு மூன்று வாக்சல் வீதம் மொத்தம் 27 வாக்சல்களில் அடங்கும். அவற்றில் நடுவிலுள்ள ஒன்றைத் தவிர மற்ற 26 வாக்சல்களும் விளிம்பில் இருக்கின்றன. விளிம்பு வாக்சலில் கால்சியமும் பக்கத்துத் திசுவும் கலந்து சராசரியாகிவிடுவதால், வரம்பை 130லிருந்து 150க்கு நகர்த்தினாலே அந்தத் துணுக்கின் கன அளவு கண்ணெதிரே சுருங்கும். இது மென்பொருளின் குறை அல்ல, படத்தின் இயல்பு. எனினும் அளப்பவர் தாம் பயன்படுத்திய வரம்பு, வெட்டுத் தடிமன், மறுவடிவாக்க முறை (ஸ்கேன் தரவிலிருந்து படத்தை உருவாக்கும் முறை) மூன்றையும் எழுதி வைக்காவிட்டால், அந்த எண்ணுக்கு ஒப்பீட்டு மதிப்பு இருக்காது.

முப்பரிமாணக் காட்சியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஸ்லைசர் இயல்பாகவே மேற்பரப்பை மழமழப்பாக்கிக் காட்டுகிறது. மழமழப்பாக்கும் அளவு 0.5 என அமைந்திருக்கும். பெருந்தமனியின் வளைவு அழகாகத் தெரிவதற்கு அது உதவுகிறது. ஆனால் ஓரிரு வாக்சல் அகலமுள்ள கால்சியத் துணுக்குகள் அந்த மழமழப்பில் சுருங்கிவிடும். சில மறைந்தே போகும். குறுக்குவெட்டில் தெரியும் துணுக்கு முப்பரிமாணப் படத்தில் இல்லையென்றால் அழித்துவிட்டோமோ என்று பதற வேண்டியதில்லை. செக்மென்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதியில் வாக்சல் எண்ணிக்கையிலிருந்து ஒரு கன அளவும், மேற்பரப்பு மாதிரியிலிருந்து ஒரு கன அளவும் தனித்தனியாகக் கிடைக்கும். கால்சியத்துக்கு முதலாவதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அகாட்ஸ்டன் மதிப்பெண் வேண்டுமென்றால் கூடுதல் கவனம் தேவை. அந்த முறையில் ஒவ்வொரு வெட்டுப்படத்திலும் ஒவ்வொரு படிவுக்கும் அதன் உச்ச ஒளிர்வைப் பார்த்து எடை கொடுக்கிறார்கள்: 130 முதல் 199 வரை 1, 200 முதல் 299 வரை 2, 300 முதல் 399 வரை 3, 400உம் அதற்கு மேலும் 4. அந்த எடையைப் படிவின் பரப்பால் பெருக்கிக் கூட்டுவார்கள். ஸ்லைசரில் நான்கு த்ரெஷோல்டு பட்டைகளை உருவாக்கி, ஒவ்வொன்றின் பரப்பையும் அதனதன் எடையால் பெருக்கிக் கூட்டுவது எளிதாகத் தோன்றும்; ஆனால் அப்படிக் கிடைப்பது அகாட்ஸ்டன் மதிப்பெண் அல்ல, ஏனெனில் எடை வாக்சலுக்கு அல்ல, முழுப் படிவின் உச்சத்துக்கு உரியது. செக்மென்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தருவதோ கன அளவும், ஒளிர்வின் சராசரி, திட்ட விலக்கம் போன்ற எண்களும்தான். பெருந்தமனி ஆய்வுக்குக் கன அளவையே முதன்மை அளவாக வைத்துக்கொள்வது நேர்மையானது என்பது என் கருத்து. 199லிருந்து 200க்கு ஓர் அலகு ஏறியதும் மதிப்பெண் இரட்டிப்பாகும் அளவுகோலை, இவ்வளவு பெரிய குழாயின் பரந்த படிவுகள் மீது சுமத்த வேண்டிய தேவை இல்லை.

கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய ஆஞ்சியோகிராம் படத்தில் 130 என்ற வரம்பு பொருளிழந்துவிடும். இரத்தமே 300, 400 என ஒளிரும். அங்கே உட்குழலின் நடுவில் ஒரு சிறு உருளையை வரைந்து, அதன் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எடுத்து, சராசரிக்கு மேல் சில திட்ட விலக்கங்கள் தள்ளி வரம்பை வைப்பது நடைமுறை. இதற்கு வேண்டிய எல்லா எண்களும் அதே சாளரத்தில் கிடைக்கின்றன. ஒளிர்வு குறைந்த கால்சியம் இந்த வழியில் தப்பிவிடும் என்பதை மறக்கக் கூடாது. ஒருவருக்குக் கான்ட்ராஸ்ட் படத்திலும் இன்னொருவருக்குச் சாதாரணப் படத்திலும் அளந்து இருவரையும் ஒப்பிடுவது தவறு.

உட்குழலையும் மையக்கோட்டையும் எடுப்பதற்கு இரத்தக் குழாய் வடிவங்களை ஆராயும் விஎம்டிகே என்ற நீட்சியை (கூடுதல் நிரலை) நிறுவிக்கொள்ள வேண்டும். நிறுவுவது சில சொடுக்குகளில் முடிந்துவிடும். பிரித்தெடுத்த உட்குழலின் இரு முனைகளிலும் புள்ளி வைத்தால், மென்பொருள் நடுவே ஒரு கோட்டை இழுத்து, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக எந்த இடத்திலும் குறுக்குவெட்டைக் காட்டுகிறது. இதன் அருமை பெருந்தமனி வளைவில் புரியும். 30 மி.மீ. விட்டமுள்ள குழாய், வெட்டுத் தளத்தின் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், சாதாரணக் கிடைமட்ட வெட்டுப்படத்தில் அதன் நீண்ட அச்சு 34.6 மி.மீ. எனத் தெரியும். சாய்வு 45 பாகை ஆனால் 2 மி.மீ. சுவர் 2.8 மி.மீ. ஆகத் தடித்துத் தோன்றும். நோயே இல்லாத இடத்தில் நோயைக் கண்டுபிடிக்கவும், 3 மி.மீ. படிவை 4 மி.மீ. என்று எழுதவும் இந்தச் சாய்வு ஒன்றே போதும். விஎம்டிகேயின் குறுக்குவெட்டுப் பகுதி உட்குழலின் பரப்பு, சம பரப்பு வட்டத்தின் விட்டம், உள்ளே அடங்கும் மிகப் பெரிய கோளத்தின் விட்டம் ஆகியவற்றைக் கோடு நெடுகிலும் வரைபடமாகத் தருகிறது. கடைசி இரண்டும் விலகும் இடங்களில் படிவு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. அங்கே போய்ப் பார்ப்பது நல்ல உத்தி. கிளைத் தமனிகள் பிரியும் இடங்களில் மட்டும் கோடு கிளையின் பக்கம் ஒதுங்குவதால், அங்கே வரும் அளவுகளை ஒதுக்கிவிட வேண்டும்.

இனி, முதலில் வைத்த கேள்விக்கு வருகிறேன். சுவரை அளக்க முடிகிறதா?

பெருந்தமனியின் நலமான சுவர் சுமார் 2 மி.மீ. தடிமன் உடையது. சி.டி.யில் அதன் வெளிப்புறம் கொழுப்பு சூழ்ந்திருக்கும் இடங்களில் எல்லை தெரியும். உணவுக்குழாயோ முதுகெலும்போ உரசும் இடங்களில் எல்லை கரைந்துவிடும். ஸ்லைசரில் ஹாலோ என்றொரு கருவி உண்டு. உட்குழலைக் கொடுத்து, தடிமனை 2 மி.மீ. என்று சொன்னால், சுற்றிலும் ஒரே சீரான ஓடு ஒன்றை உருவாக்கித் தரும். அச்சு மாதிரிகள் செய்யவும் இரத்த ஓட்டக் கணிப்புகளுக்கு வடிவம் தயாரிக்கவும் அது மிகப் பயனுள்ளது. ஆனால் அந்த ஓடு நாம் கொடுத்த எண்ணே தவிர, படத்திலிருந்து அளந்த எண் அல்ல. அதைச் சுவர் என்று பெயரிட்டுச் சேமித்து, பிறகு அதன் கன அளவை ஆய்வு முடிவாக எழுதுவது, நோயாளியின் உடலைப் பற்றி எதையும் சொல்லாது. இந்தக் கருவியைப் பற்றி மாணவர்களிடம் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

தடித்த படிவுகளை மட்டும் சி.டி.யில் நம்பகமாக அளக்கலாம். அவற்றை அளப்பதற்குத் தகுந்த காரணமும் உண்டு. பக்கவாதம் வந்து சேர்க்கப்பட்ட, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 331 பேரை உணவுக்குழாய் வழி எதிரொலிப் படம் எடுத்துப் பின்தொடர்ந்த பிரெஞ்சு ஆய்வு 1996இல் வெளிவந்தது. பெருந்தமனி வளைவில் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்த படிவு உள்ளவர்களுக்கு மறுபடி மூளைத் திசு இறப்பு ஏற்பட்ட விகிதம் ஆண்டுக்கு 100 பேருக்கு 11.9, 1 மி.மீ.க்கும் குறைந்த தடிப்பு உள்ளவர்களுக்கு அது 2.8. அந்த 4 மி.மீ. எல்லை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உணவுக்குழாய் வழி எதிரொலிப் படம் படிவின் மேற்பரப்பையும், அதன்மேல் ஆடிக்கொண்டிருக்கும் இரத்தக் கட்டியையும் கண்ணெதிரே காட்டும். ஆனால் காற்று நிறைந்த மூச்சுக்குழாய் இடையில் வருவதால் ஏறு பெருந்தமனியின் மேற்பகுதியும் வளைவின் தொடக்கமும் அதற்குச் சரியாகப் புலப்படுவதில்லை. அந்த மறைவிடத்தைச் சி.டி. திறந்து காட்டுகிறது. ஸ்லைசரில் மையக்கோட்டுக்குச் செங்குத்தான வெட்டை எடுத்து, ஒளிரும் உட்குழலுக்கும் கருமையான வெளிக் கொழுப்புக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறப் பட்டையை அளவுகோல் கருவியால் அளப்பதற்கு அரை நிமிடம் போதும். இதயத் துடிப்போடு ஒத்திசைக்காமல் எடுத்த படத்தில் மட்டும் ஏறு பெருந்தமனிச் சுவர் இரட்டையாகத் தெரியக்கூடும். அங்கே அளக்கவே கூடாது.

மெல்லிய சுவரின் மாற்றத்தைப் பின்தொடர எம்.ஆர்.ஐ.தான் வேண்டும், அதிலும் ஓடும் இரத்தத்தைக் கருமையாக்கிச் சுவரை மட்டும் ஒளிரச் செய்யும் கருங்குருதி வரிசைகள். இந்த வழியின் வலிமையைக் காட்டிய ஆய்வாக ரொபேர்டோ கோர்ட்டியும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்டதைச் சொல்வேன். கொழுப்பு மிகுந்த, அறிகுறி இல்லாத 18 பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மருந்தைக் கொடுத்துப் பெருந்தமனியையும் கழுத்துத் தமனியையும் திரும்பத் திரும்பப் படம்பிடித்தார்கள். ஆறு மாதத்தில் படிவில் மாற்றம் இல்லை. பன்னிரண்டு மாதத்தில் சுவரின் பரப்பு குறைந்தது, உட்குழல் மாறவில்லை. உட்குழலை மட்டும் அளந்திருந்தால் மருந்து எதையும் செய்யவில்லை என்றே முடிவு கட்டியிருப்பார்கள். இத்தகைய வேலைக்கு ஸ்லைசர் தரும் உதவி அடக்கமானது: சுவரின் உள்கோட்டையும் வெளிக்கோட்டையும் டிரா கருவியால் கையாலேயே வரைய வேண்டும், பிறகு லாஜிக்கல் ஆபரேட்டர்ஸ் கருவியால் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வெட்டுத் தடிமன் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்களாக இருப்பதால், இடைவெளியைத் தானாக நிரப்பும் கருவியை இங்கே தவிர்ப்பதே நல்லது. ஒருவரே இரு முறையும், இருவர் தனித்தனியாகவும் வரைந்து பார்த்து வேறுபாட்டை எழுதினால்தான் கழித்து வரும் எண்ணுக்கு நம்பகம் வரும். வேலை மெதுவானது, ஆனால் திரையில் உள்ள ஒவ்வொரு கோடும் கண்ணால் பார்த்து வரைந்த கோடு.

தானியங்கிப் பிரித்தெடுப்புக்கு டோட்டல்செக்மென்டேட்டர் என்ற நீட்சி இருக்கிறது. 2023இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் 104 உடற்பகுதிகளைச் சி.டி.யிலிருந்து அது பிரித்தெடுப்பதாகக் காட்டினார்கள். பெருந்தமனி அவற்றில் ஒன்று. கான்ட்ராஸ்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். கணினியில் வரைகலை அட்டை இருந்தால் விரைவாக முடியும். இல்லையென்றால் முழுத் தரத்துக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். முழுத் தரத்திலும் அதன் உள்கட்டம் 1.5 மி.மீ.; விரைவு முறையில் 3 மி.மீ. சுவரின் தடிமனே 2 மி.மீ. என்றால், இதிலிருந்து சுவர் நோயைப் படிக்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். பெருந்தமனி என்று அது தருவது உட்குழலும் சுவரும் சேர்ந்த ஒரே உருளை.

ஆனால் வேறொரு வழியில் அது மிகப் பெரிய உதவியாக இருக்கிறது. அது ஒவ்வொரு முதுகெலும்பையும் தனித்தனியாகப் பெயரிட்டுத் தருகிறது. இடுப்புப் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் முதல் நான்கு இடுப்பு முதுகெலும்புகளுக்கு எதிரே உள்ள பெருந்தமனியின் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் தனித்தனியாக 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுத்து, மொத்தம் 24க்குக் கணக்கிடும் முறை 1997இல் ஃபிரேமிங்ஹாம் ஆய்விலிருந்து வந்தது. எலும்பு அடர்த்திக்காக எடுத்த படங்களில்கூட இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். அதே பிரிவுகளைச் சி.டி.யில் உருவாக்க, டோட்டல்செக்மென்டேட்டர் கொடுக்கும் முதுகெலும்பு எல்லைகளை வைத்துப் பெருந்தமனி உருளையை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் விழும் கால்சியத்தின் கன அளவைத் தனித்தனியாக எடுக்கலாம். பைதான் நிரலாகச் சில வரிகளில் எழுதிவிட்டால், ஒருவருக்குச் செய்ததை நூறு பேருக்கும் ஒரே விதத்தில் செய்யலாம். உருளையின் எல்லையைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் விரித்துக்கொள்வது அவசியம். இல்லையென்றால் சுவரின் வெளி விளிம்பில் உள்ள கால்சியம் வெட்டுப்பட்டுப் போகும். விரித்தால் முதுகெலும்பு உள்ளே வரும். ஆகவே முதுகெலும்பின் பிரித்தெடுப்பையே கழித்துவிட வேண்டும். இந்தக் கழித்தல், முன்னே சொன்ன கத்தரிக்கோல் வேலையில் பெரும்பாதியைக் குறைக்கிறது. என்னைப் பொறுத்தவரை ஸ்லைசரில் பெருந்தமனி ஆய்வுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வசதி இந்தக் கூட்டு வழிதான்.

உடலில் செலுத்திய கதிரியக்கத் தடங்காட்டி எங்கே சேர்கிறது எனக் காட்டும் பெட் ஸ்கேனைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அழற்சியைக் காட்டும் குளுக்கோஸ் தடங்காட்டியையும் நுண்ணிய கால்சியமாதலைக் காட்டும் சோடியம் ஃப்ளோரைடையும் சி.டி.யின் மேல் அடுக்கிப் பார்க்கவும், உட்கொள்ளல் மதிப்பைக் கணக்கிடவும் நீட்சிகள் உள்ளன. பெட் கருவியின் பிரிதிறன் சுவரின் தடிமனைவிடப் பெரியது என்பதால், பக்கத்து இரத்தத்தின் ஒளிர்வோடு வகுத்துப் பார்க்கும் விகிதமே பயன்படும்.

குறைகளில் முதலாவது, ஸ்லைசர் வேலையைத் தானாகச் சேமிப்பதில்லை. நீண்ட நேரம் கையால் வரைபவர் அடிக்கடி சேமித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது, சேமித்த கோப்பில் இறுதி வடிவம் இருக்குமே தவிர, எந்தக் கருவியை எந்த வரம்புடன் எந்த வரிசையில் பயன்படுத்தினோம் என்ற வரலாறு இருக்காது. அதைத் தனிக் குறிப்பேட்டிலோ பைதான் நிரலிலோ நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வுக் கருவி ஒன்றில் இந்த வரலாறு உள்ளேயே பதிவாக வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன். மூன்றாவது, டைகாமிலிருந்து ஏற்றும்போது நோயாளியின் பெயர் தரவுப் பட்டியலில் ஒரு தலைப்பாக ஒட்டிக்கொள்கிறது. எல்லாவற்றையும் ஒரே பொதியாகச் சேமித்துச் சக ஆய்வாளருக்கு அனுப்பினால் பெயரும் கூடவே போகும். ஏற்றுவதற்கு முன்பே கோப்புகளிலிருந்து அடையாளத்தை நீக்கிவிட வேண்டும். திரையில் உள்ள கருவிகளின் எண்ணிக்கை புதியவரைத் திணறடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் பெருந்தமனி வேலைக்குத் தேவையானவை செக்மென்ட் எடிட்டர், செக்மென்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், விஎம்டிகே, டோட்டல்செக்மென்டேட்டர் ஆகிய நான்குதான்.

எம்.ஆர்.ஐ.யில் சுவரை வரைவது மட்டுமே வேலை என்றால், இதே போல இலவசமாகக் கிடைக்கும் ஐடிகே-ஸ்னாப் போதும். திரை எளிமையானது, கற்க அரை நாள் ஆகாது. மையக்கோடு, செங்குத்து வெட்டு, முதுகெலும்புவாரியான கால்சியம், நிரல் வழித் தொகுப்பு வேலை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வேண்டுமென்றாலும் ஸ்லைசரைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஆய்வு தொடங்கும் நாளில் மென்பொருளின் பதிப்பையும் நீட்சிகளின் பதிப்பையும் எழுதி வைத்துவிட்டு, கடைசி நோயாளி வரை அதே பதிப்பிலேயே அளக்க வேண்டும்; இடையில் புதுப்பித்தால், ஏற்கெனவே அளந்தவற்றில் சிலவற்றைப் புதிய பதிப்பில் மீண்டும் அளந்து எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே தொடர வேண்டும்.